கிரைண்டர் கல் கொத்தத் தேடியவர்கள்

2010இல் கோவை காந்திபுரத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இயங்கிய சிறிய இணையதள நிறுவனத்தில் கட்டுரை எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குத் தந்தது ஓர் எக்செல் தாள். அதன் மேல்வரிசையில் கீவேர்ட், டென்சிட்டி, டைட்டில், மெட்டா, ஆங்கர், பிஆர், இன்டெக்ஸ் என்று சொற்கள். அவற்றின் கீழே நிரப்ப வேண்டிய கட்டங்கள். எப்படி நிரப்புவது என்று டீம் லீட் அண்ணா பொறுமையாகச் சொல்லித் தந்தார். எதற்காக என்று அங்கே யாரும் பேசிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் கராஜ் கதவு பழுது பார்ப்பவருக்காக நான் கட்டுரை எழுதினேன். கராஜ் கதவை நான் பார்த்ததே இல்லை. அவர் தந்த சொற்றொடர் நூறு சொல்லுக்கு இரண்டு முறை வந்தாக வேண்டும். அதற்குப் பெயர் கீவேர்ட் டென்சிட்டி.

எஸ்இஓ என்ற மூன்றெழுத்துக்குள் நான் நுழைந்தது அந்த வழியில்தான். தேடுபொறியில் ஒரு பக்கம் நன்றாகத் தெரிவதற்குச் செய்யும் வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். அதன் சொற்கள் எனக்குப் புரியத் தொடங்கியது எக்செல் தாளில் அல்ல. ஆவாரம்பாளையத்தில் ஒரு கிரைண்டர் பட்டறையில்.

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஊர் இது. ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் போனால் வார்ப்படப் பட்டறைகளுக்கும் மோட்டார் கடைகளுக்கும் நடுவே கிரைண்டர் செய்பவர்கள் வரிசையாக இருப்பார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். சட்டைப் பையில் டெஸ்டர். வேறோர் இடத்தில் பணம் கொடுத்து இணையதளம் செய்திருந்தார். "எங்க கம்பெனி பேரப் போட்டாக்கூட நாங்க வரமாட்டேங்கறமுங்க அம்மிணி. பக்கத்துப் பட்டறைக்காரரு வர்றாருங்க" என்றார். வெளிநாட்டு வேலைகளுக்கு நடுவே இதைப் பார்க்க ஆள் இல்லாததால் புதியவளான என்னிடம் தள்ளினார்கள். என் தொழில்வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை அது.

கூகுள் 2008 நவம்பரில் தொடக்கநிலையாளர்களுக்கென்று ஒரு கையேட்டை இலவசமாக வெளியிட்டிருந்தது. அதை அச்செடுத்து வீட்டில் உட்கார்ந்து படித்தேன். அதையும் வேறு சிலவற்றையும் படித்து முடித்தபோது, எக்செல் தாளில் சிதறிக் கிடந்த சொற்களுக்கு ஒரு வரிசை இருப்பது தெரிந்தது. ஒரு பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட வேண்டும். பிறகு சேமிக்கப்பட வேண்டும். பிறகுதான் ஒரு கேள்விக்குப் பதிலாக வரிசைப்படுத்தப்படும். கிரால், இன்டெக்ஸ், ரேங்க். இந்தத் தொழிலின் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்வது அன்று தொடங்கிய பழக்கம். பதில் சொல்ல முடியாதவர் அந்தச் சொல்லை விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

கிரால் என்பது கூகுள்பாட் என்ற மென்பொருள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கும் போய்ப் படிப்பது. போன இடத்தில் முதலில் ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்ற ஒரு சிறு கோப்பைப் பார்க்கும். எங்கெல்லாம் வரக்கூடாது என்று தளத்துக்காரர் எழுதிவைக்கும் அறிவிப்பு அது. மார்ட்டின் கோஸ்டர் என்பவர் 1994இல் முன்வைத்த ஏற்பாடு. கூகுள் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் வழக்கமாகவே இருந்து, 2022இல்தான் முறையான இணையத் தர ஆவணமானது.

கிரைண்டர்க்காரரின் தளத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். இரண்டே வரி. 'யூசர் ஏஜென்ட்' என்பதற்கு எதிரே நட்சத்திரக் குறி: அதாவது வருகிற எல்லா மென்பொருளுக்கும் இது பொருந்தும். 'டிஸ்அலவ்' என்பதற்கு எதிரே ஒரு சாய்கோடு: அதாவது முழுத் தளமும். தளத்தைக் கட்டும்போது அரைகுறையாக வெளியே தெரியக்கூடாது என்று போட்ட தடை அது. கட்டி முடித்தவர்கள் எடுக்காமல் போய்விட்டார்கள். பணம் கொடுத்துக் கட்டிய கடை மாதக்கணக்கில் உள்ளே தாழ் போட்டிருந்தது.

கூகுளில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைத் தட்டினால், அந்தத் தளத்தில் கூகுளிடம் இருக்கிற பக்கங்கள் ஓரளவு தெரியும். அவருடையதைத் தட்டியபோது முகப்பு முகவரி மட்டும், தலைப்போ விளக்கமோ இல்லாமல் மொட்டையாக வந்தது. படிக்கவே கூடாது என்று தடுத்த பக்கம் எப்படி வருகிறது என்று குழம்பினேன். பதில் தெரிந்தபோது ஒரு பெரிய திரை விலகியது. ரோபாட்ஸ் கோப்பு தடுப்பது படிப்பதை மட்டும். வேறு யாரோ தங்கள் பக்கத்தில் அந்த முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே முகவரியை மட்டும் கூகுள் வைத்துக்கொள்ளலாம். இன்டெக்ஸில் வரவே கூடாது என்றால் அந்தப் பக்கத்துக்குள் 'நோ இன்டெக்ஸ்' என்று எழுத வேண்டும். அதைக் கூகுள்பாட் படித்தால்தான் தெரியும். ஆகவே கதவையும் திறந்து வைக்க வேண்டும். கதவையும் மூடி, உள்ளே நோ இன்டெக்ஸும் எழுதினால், எழுதியதை யாரும் படிக்கப் போவதில்லை. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை இன்றும் பார்க்கிறேன்.

சாய்கோட்டை எடுத்தோம். தளத்திலுள்ள பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலிட்டு, சைட்மேப் என்ற கோப்பாகச் செய்து, கூகுளின் வெப்மாஸ்டர் டூல்ஸில் கொடுத்தோம். இன்று அதற்குப் பெயர் சர்ச் கன்சோல். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரி வரை போடலாம். நம் ஊர்ப் பட்டறைக்கு ஒரு பக்கத் தாள் போதும். சைட்மேப் கொடுத்தால் ரேங்க் ஏறும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஏறாது. இங்கே இன்னின்ன பக்கங்கள் இருக்கின்றன என்ற தகவல் மட்டும்தான் அது.

சில வாரங்களில் பக்கங்கள் இன்டெக்ஸில் வந்தன. வந்தபோதுதான் அடுத்த வேதனை. எல்லாப் பக்கத்துக்கும் நீல நிறத்தில் ஒரே தலைப்பு: 'அன்டைட்டில்டு டாக்குமென்ட்'. ட்ரீம்வீவர் மென்பொருளில் புதுப் பக்கம் திறந்தால் தானாக வருகிற பெயர் அது, மாற்றாமல் விட்டிருந்தார்கள். டைட்டில் டேக் என்பது பக்கத்துக்குள் தெரியும் பெரிய எழுத்துத் தலைப்பு அல்ல. உலாவியின் தாவலிலும் தேடல் முடிவிலும் தெரிகிற பெயர். பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்வதில் அதற்குக் கனம் அதிகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு எழுதினேன்: எந்த வகைக் கிரைண்டர், எத்தனை லிட்டர், எந்த ஊர். நீளமானால் கூகுள் வெட்டிவிடும் என்பதால் முக்கியமானதை முன்னால் வைத்தேன்.

மெட்டா என்ற பெயரில் இரண்டு ஆட்கள் உண்டு. மெட்டா டிஸ்கிரிப்ஷன் என்பது தேடல் முடிவில் தலைப்பின் கீழே வரும் ஓரிரு வரி. ரேங்க் வரிசைக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. படித்தவரைச் சொடுக்க வைப்பது அதன் வேலை. பொருத்தமில்லை என்று தோன்றினால் கூகுள் அதை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துப் போடும். மற்றவர் மெட்டா கீவேர்ட்ஸ். யாருக்கும் தெரியாமல் பக்கத்துக்குள் சொற்களை அடுக்கிவைப்பது. 1990களில் வேலை செய்தது. ஆளாளுக்கு ஊரிலுள்ள சொல்லையெல்லாம் திணித்ததால் மதிப்பிழந்தது. வலைத் தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும், 'மெட்டா கீவேர்ட்ஸ் சேர்த்தல்' என்று கோவைக் கடைக்காரர்களுக்கு பில் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். சொல் தெரியாதவரிடமிருந்து சொல்லைக் காட்டிப் பணம் வாங்குவது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவைப்பது அந்தக் கோபம்தான்.

அவருடைய பொருட்களின் பக்கத்தில் எழுத்தே கிடையாது. நோட்டீஸை ஸ்கேன் செய்து படமாக ஒட்டியிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு லிட்டரும் வாட்டும் விலையும் தெரியும். அன்றைய கூகுள்பாட்டுக்கு அது ஒரு ஜேபெக் கோப்பு, அவ்வளவுதான். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுதலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்லும். அதன் முதல் காரணம் அவர்கள். தேடுபொறிக்குக் கிடைக்கும் உதவி இரண்டாவது. அங்கே கீவேர்டைத் திணிக்கச் சொல்கிறவர்கள், காதால் கேட்கிற ஒருவரை நினைத்துப் பார்ப்பதில்லை.

எழுத்தாகவே மாற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் கீவேர்ட் என்ற சொல் எனக்கு உண்மையில் விளங்கியது. அவருடைய நோட்டீஸில் 'சுப்ரீம்', 'டீலக்ஸ்' என்று மாடல் பெயர்கள். அந்தப் பெயரை அவர் தவிர யாரும் தேடப் போவதில்லை. "உங்களுக்குப் போன் பண்றவங்க என்ன கேப்பாங்க, ஐயா?" என்றேன். பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, "இருந்து கேளுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெஸ் நடத்துகிறவர் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் விலை கேட்டார். திருப்பூரிலிருந்து ஓர் அம்மா, மாவு சூடாகிறது, புளித்துவிடுகிறது என்றார். "கல்லு மழுங்கிப்போச்சுங்க, கொத்தோணுங்க" என்று இவர் பதில் சொன்னார். புதுக் கிரைண்டர் வாங்கியவர் முதல் தடவை என்ன அரைப்பது என்று கேட்க, பழைய அரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டிவிடுங்கள், கல் தூள் போகும் என்றார். பெல்ட் நழுவுகிறது, குழவி சத்தம் போடுகிறது, கல் தனியாகக் கிடைக்குமா, சென்னைக்கு லாரியில் போட்டுவிடுவீர்களா. நான் நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். அந்த நோட்டுதான் என் முதல் கீவேர்ட் ஆராய்ச்சி. கூகுள் அப்போது விளம்பரதாரர்களுக்காக வைத்திருந்த கீவேர்ட் டூலைப் பிறகு பார்த்து, எந்தக் கேள்வியை எந்தச் சொல்லில் அதிகம் தட்டுகிறார்கள் என்று மட்டும் சரிபார்த்தேன்.

'வெட் கிரைண்டர்' என்ற இரண்டு சொல்லில் முதல் பக்கத்தில் வருவதற்குப் பெரிய கம்பெனிகள் போட்டி போட்டன. 'ஹோட்டலுக்குப் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் கோயம்புத்தூர்' என்று தேடுபவர் குறைவு. ஆனால் அவர் வாங்கப் போகிறவர். இப்படி நீளமான, குறிப்பான தேடல்களுக்கு லாங் டெயில் என்று பெயர். 2004 அக்டோபரில் வயர்ட் இதழில் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய கட்டுரையால் அந்தச் சொல் பரவியது. அதிகம் விற்கிற சில பொருட்களுக்குப் பின்னால், கொஞ்சம் கொஞ்சமாக விற்கிற ஏராளமான பொருட்கள் வால் போல நீள்கின்றன என்பது அவர் பேசிய விஷயம். தேடல் தொழிலில் இருந்தவர்கள் அதைச் சொற்களுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

நோட்டிலிருந்த கேள்விகளைப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. விலை கேட்பவரும் கல் கொத்தக் கேட்பவரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசினாலும் வேறு வேறு தேவையோடு வருகிறார்கள். ஆந்த்ரே பிராடர் அல்டாவிஸ்டா தேடல்களை வைத்து 2002இல் எழுதிய கட்டுரை இதை மூன்றாகப் பிரித்தது: தகவல் தேடுவது, தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, வாங்குவது போன்ற ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. சர்ச் இன்டென்ட் என்று இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மாவு சூடாகிறதே என்று தவிக்கிற அம்மாவுக்கு விலைப் பட்டியலைக் காட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார். அவருக்கென்று தனிப் பக்கம் எழுதினோம்: கல் மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது கொத்த வேண்டும், எதை வீட்டிலேயே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும். ஐயா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்தப் பக்கத்தில் எந்தச் சொல் நூற்றுக்கு எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவே இல்லை. அப்படி ஒரு மாய எண் கிடையாது என்பது பின்னாளில் கூகுள் ஆட்களே பலமுறை சொன்னது.

தளத்துக்கு அதிகம் பேரைக் கொண்டுவந்தது அந்தப் பக்கம்தான்.

இனி இணைப்புகள். எங்கள் அலுவலகத்தின் பிழைப்பே அதில்தான் இருந்தது. ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பு பேக்லிங்க். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1990களின் நடுவில் செய்த பேஜ்ரேங்க் கணக்கு இதை வைத்துத்தான். ஆய்வுக் கட்டுரைகளை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து மதிப்பிடும் வழக்கம் கல்வித்துறையில் முன்பே இருந்தது. இவர்கள் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள். எல்லா இணைப்புக்கும் ஒரே மதிப்பு இல்லை. மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு அதிகம், அந்தப் பக்கம் நூறு பேருக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் அந்த மதிப்பு நூறாகப் பிரியும். ஒரு கற்பனை மனிதர் கண்ணில் பட்ட இணைப்பையெல்லாம் சொடுக்கிக்கொண்டே போகிறார், அவ்வப்போது சலித்து வேறெங்கோ தாவுகிறார். அவர் எந்தப் பக்கத்தில் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பேஜ்ரேங்க். 1998 கட்டுரையில் தாவாமல் தொடர்வதற்கான பங்கு 0.85 என்று வைத்திருந்தார்கள்.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "பொண்ணு கேட்டுப் போறதுக்கு முன்னால ஊருக்குள்ள நாலு பேருகிட்ட விசாரிக்கறமல்லங்க, அதேதானுங்க. மணியகாரரு நல்ல குடும்பம்னு சொன்னா ஒரு மாதிரி, ரோட்டுல போறவன் சொன்னா ஒரு மாதிரி." அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை. "காசு குடுத்துச் சொல்லச் சொன்னாத் தெரிஞ்சு போயிருமுங்களே?" என்றும் கேட்டார்.

எங்கள் மாடியில் நடந்தது அதுதான். கூகுள் டூல்பார் அப்போது பேஜ்ரேங்கை, சுருக்கமாகப் பிஆரை, 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோடாகக் காட்டும். பிஆர் 4 உள்ள பக்கத்தில் இணைப்புக்கு ஒரு விலை, 5க்கு வேறு விலை. பெயரும் முகவரியும் தவிர ஒன்றுமில்லாத டைரக்டரிகளில் ஆயிரக்கணக்கில் பதிவோம். ஒரே கட்டுரையைச் சொல் மாற்றிச் சொல் மாற்றிப் பல தளங்களில் இறக்குவோம். ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது இணைப்பாகச் சொடுக்கும் அந்த எழுத்து, எல்லாவற்றிலும் ஒரே கீவேர்டாக இருக்கும். ஆங்கருக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு அன்று எல்லாரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 'கிளிக் ஹியர்' என்று கூகுளில் தேடினால் அடோபி ரீடரை இறக்கும் பக்கம் முதலில் வரும். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பெருமை எதுவும் இல்லை. உலகம் முழுவதும் பிடிஎஃப் கோப்பு வைத்தவர்கள் ரீடர் வேண்டுமானால் இங்கே சொடுக்குங்கள் என்று அந்தச் சொற்களின் மேல் இணைப்புக் கொடுத்திருந்தார்கள்.

2011 பிப்ரவரியில் இரண்டு செய்திகள் வந்தன. அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடையான ஜேசி பென்னிக்காக நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் நடப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று அந்த நிறுவனம் சொன்னது. அந்த மாதக் கடைசியில் கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய 12 சதவீதத் தேடல்களில் அதன் தாக்கம் தெரியும் என்று கூகுளே சொன்னது. தேடல் வருகையை மட்டும் குறிவைத்து, மேலோட்டமாக மூட்டை மூட்டையாக எழுதிக் குவித்த தளங்கள் விழுந்தன. எங்கள் எக்செல் தாளில் 'ஆர்ட்டிகிள் சைட்' என்ற கட்டத்தில் இருந்த பெயர்களில் பலவும் அவைதான். இரவில் அமெரிக்காவிலிருந்து வந்த அழைப்புகளில் டீம் லீட் அண்ணா பதில் சொல்ல முடியாமல் நின்றது நினைவிருக்கிறது. 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குவின் வந்தது. செயற்கையாகக் கட்டிய இணைப்புகளே அதன் குறி.

அதன்பின் எங்கள் வேலை தலைகீழானது. நட்ட இணைப்புகளைப் பிடுங்க வேண்டும். எந்தத் தளத்தில் இணைப்பு வாங்கியிருந்தோமோ, அந்தத் தளத்துக்காரருக்கு, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதுவது என் பொறுப்பு. எடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்டவர்களும் இருந்தார்கள். பிளாக் ஹேட், வைட் ஹேட் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது அப்போதுதான்: விதியை ஏமாற்றுகிற வழி, விதிக்குள் நடக்கிற வழி. 2005இலேயே நோஃபாலோ என்ற குறிப்பு வந்திருந்ததும் பலருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த இணைப்புக்கு நான் சிபாரிசு செய்யவில்லை என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. விளம்பர இணைப்புக்கு அதைப் போட்டிருந்தால் சிக்கல் வந்திருக்காது.

கிரைண்டர்க்காரர் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இணைப்பு வாங்க அவர் பட்ஜெட்டில் பணமே இல்லை. இருந்த சில இணைப்புகளும் சமையல் குறிப்பு எழுதும் ஒருவர், ஓட்டல் சாமான் விற்கும் கடை என்று தாங்களாகவே கொடுத்தவை.

தமிழிலும் பக்கம் வேண்டும் என்று அவர் கேட்டார். தமிழில் இந்தச் சொற்களுக்கு வேறு முகம். டிடிபி சென்டரில் அடித்த அவருடைய தமிழ் நோட்டீஸை அப்படியே எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்தின் எண்தான். மேலே தமிழ் உருவம் வரையப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்குப் பிதற்றல். பத்து, பதினைந்து ஆண்டுகளாக எத்தனையோ தமிழ்த் தளங்கள் தனித்தனி எழுத்துருவில் எழுதி, இன்டெக்ஸில் தமிழாகச் சேராமலேயே கிடந்தன. அந்த இழப்பை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 2010 ஜூனில் எங்கள் ஊரில்தான் செம்மொழி மாநாடு நடந்தது. யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்தையும், அதோடு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது அந்த மாதத்தில்தான். நோட்டீஸை யூனிகோடுக்கு மாற்றித்தான் பக்கம் போட்டோம்.

இன்னொன்று, வேற்றுமை. ஆங்கிலத்தில் ஒருமை, பன்மையோடு கீவேர்ட் பெரும்பாலும் அப்படியே நிற்கும். தமிழில் கல், கல்லை, கல்லுக்கு, கல்லில் என்று உருமாறிக்கொண்டே போகும். ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் திணித்தால் வாக்கியம் செத்துப்போகும். ஐயா பேசுவது போல இயல்பாக எழுதினால் எல்லா வடிவமும் தானாக வந்துவிடுகிறது என்பதைக் கண்டேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகப் பக்கத்தில் அப்படியே எழுதிவைக்கச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. படிக்க வருகிறவர் தமிழைத் தமிழாகப் படிக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மகன் பொறுப்பேற்றுத் தளத்தைப் புதிதாக்கினார். முகவரிகள் எல்லாம் மாறின. பழைய இணைப்பில் வந்தவர்களுக்கு 404, அதாவது பக்கம் இல்லை. பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்கு 301 கொடுத்து நிரந்தரமாகத் திருப்பினோம். ஒரே பக்கம் இரண்டு முகவரியில் திறந்த இடங்களில் எது மூலம் என்று சொல்ல கெனானிக்கல் குறிப்பு. இவை ஒரு வாரத்தில் முடிகிற வேலைகள். தளம் மாற்றும் அன்று நினைவில் இருந்தால் போதும். 2015 ஏப்ரலில் கைபேசித் தேடலில் கைபேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குக் கூகுள் முன்னுரிமை தந்தபோது அந்தப் புதுத் தளம் உதவியது.

மகனுக்கு ஒரு கவலை இருந்தது. "அக்கா, கல் கொத்துற பக்கத்துல பவுன்ஸ் ரேட் ரொம்ப அதிகமா இருக்கு, எடுத்துரலாமா?" என்று கேட்டார். பவுன்ஸ் ரேட் என்பது வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேறெதுவும் செய்யாமல் அந்த ஒரே பக்கத்தோடு போய்விட்டார்கள் என்ற கணக்கு. அன்றைய கூகுள் அனலிட்டிக்ஸ் அப்படித்தான் எண்ணியது. ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்து, கீழே இருக்கும் எண்ணைத் தன் கைபேசியில் அடித்து ஐயாவிடம் பேசியிருந்தாலும் அது பவுன்ஸ்தான். போன் அடிப்பதை நிறுத்தாத ஒரு பக்கத்தை அந்தச் சதவீதத்தைப் பார்த்து எடுக்க நினைத்தார். எடுக்க வேண்டாம் என்று தடுத்தேன். கேள்விக்குப் பதில் கிடைத்ததால் போனாரா, கிடைக்காததால் போனாரா என்று அந்தச் சதவீதம் சொல்லாது.

இப்போது சிறுதொழில் செய்கிறவர்களுக்கு இந்தச் சொற்களைச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் பெண்கள், ஊறுகாய், சிறுதானியம், தையல். அவர்கள் கையிலிருக்கும் எஸ்இஓ கொட்டேஷனை வாங்கி, ஒவ்வொரு வரியும் கிராலா, இன்டெக்ஸா, ரேங்கா என்று பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். 'மாதம் 500 பேக்லிங்க்' என்ற வரியை அவர்களே அடிக்கிறார்கள். 'மெட்டா கீவேர்ட்ஸ்' இன்னும் சில கொட்டேஷன்களில் இருக்கிறது. தரத்தை மதிப்பிட கூகுள் அமர்த்தும் ஆட்களுக்கான வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற அளவுகோலும் சேர்ந்தது. எழுதியவர் அந்தப் பொருளைத் தானே கையாண்டிருக்கிறாரா என்று பார்ப்பது. ஊறுகாய் போடுகிற அம்மாவிடம் அது நிறைய இருக்கிறது; எழுத்தாகப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சென்ற மாதம் பட்டறையிலிருந்து அழைத்தார்கள். சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் கண்ணில் பட்ட எண்ணிக்கை, ஏறியிருக்கிறது, சொடுக்குகள் இறங்கியிருக்கின்றன. சொடுக்குகளை இம்ப்ரெஷனால் வகுத்தால் வரும் சிடிஆர் பாதியாகிவிட்டது. தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு பதிலைத் தொகுத்துக் கொடுத்துவிடுகிறது. மாவு ஏன் சூடாகிறது என்று அறிய யாரும் உள்ளே வரத் தேவையில்லை. மகன் சோர்ந்திருந்தார். ஐயா போனை வாங்கினார். "அம்மிணி, அது சொல்றது பொதுவுலதானுங்க. எந்தக் கல்லு, எத்தன வருஷம் ஓடுச்சு, எப்படிச் சத்தம் போடுதுன்னு கேக்காம எப்படிங்க சொல்லும்?" என்றார். அவர் கேட்கும் அந்தக் கேள்விகளையும், சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணையும் கல் கொத்தும் பக்கத்தின் மேலேயே வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். மழுங்கிய கல்லும் தேய்ந்த பேரிங்கும் எப்படி ஒலிக்கும் என்று அவர் இரண்டையும் ஓடவிட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை பட்டறைக்குப் போய் அவற்றுக்கு விளக்கம் எழுத வேண்டும்.